சூப்பர்வைசர் டீ குடிக்கப் போனபிறகும் லைன் ஓடுமா?

‘உங்கள் வேலையிடத்தில் உங்களுக்கு மேலே இருப்பவர் எப்படிப்பட்டவர்? நீங்களே மேலே இருந்தால், கீழே இருப்பவர்கள் உங்களைப் பற்றி என்ன சொல்வார்கள்?’ என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ‘பெயர் போடவேண்டாம்’ என்றுதான் முடிகின்றன. இன்னும் அதே இடத்தில் வேலை பார்க்கிறார்கள், பயம் நியாயமானது. அதனால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். நான் நிர்வாகப் படிப்பு படித்தவன் இல்லை. கோவைப் பக்கம் உலோகம் உருக்கி வார்க்கிற பவுண்டரியிலும் பம்பு தொழிற்சாலையிலும் இருபத்தாறு வருடம், அதில் பாதிக்காலம் ஆட்களை வைத்து வேலை வாங்குகிற பொறுப்பு. அந்தப் பொறுப்பில் செய்த தவறுகளுக்குக் காரணம் தெரிந்துகொள்ளத்தான் இந்த விஷயத்தைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

திருப்பூர் வாசகி: பனியன் கம்பெனியில் ஆறு வருடம் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். நான்கு மாதத்துக்கு முன் லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். என்கூட உட்கார்ந்து தைத்த அக்காமார்களே இப்போது நான் ஏதாவது சொன்னால் சிரிக்கிறார்கள். மேனேஜர், ‘சத்தம் போடு, அப்பத்தான் நகருவாங்க’ என்கிறார். சத்தம் போட்டால் பீஸ் ஏறத்தான் செய்கிறது. ஆனால் டீ குடிக்கப் போய்விட்டு வந்தால் பாதி மெஷின் நின்றிருக்கிறது. எனக்கு இந்த வேலை ஒத்துவராதா அண்ணா?

அம்மணி, உங்கள் கடிதத்தில் அந்த டீ வரியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். மேனேஜர் சொன்ன வழி எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த நின்றுபோன மெஷின்கள் ஏற்கனவே உங்களிடம் சொல்லிவிட்டன.

1930-களின் கடைசியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின் என்ற உளவியலாளர், ரொனால்டு லிப்பிட், ரால்ஃப் ஒயிட் என்ற இரண்டு பேருடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார். லெவின் யூதர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியவர், அதிகாரம் மனிதர்களை என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தவர். பத்து வயதுப் பையன்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, பள்ளி விட்டபிறகு முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழுவில் பெரியவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து, அடுத்து என்ன என்பதைக்கூட முன்னால் சொல்லாமல், ஒவ்வொன்றாக உத்தரவு போடுவார். இன்னொரு குழுவில் என்ன செய்யலாம், யார் எதைச் செய்வது என்று பையன்களோடு பேசி முடிவு செய்வார். உத்தரவு போட்ட இடத்தில் அவர் நிற்கும்வரை வேலை மும்முரமாகத்தான் நடந்தது. அவர் அறையை விட்டு வெளியே போனதும் பொலபொலவென்று சரிந்துவிட்டது. பேசி முடிவு செய்த குழுவில் அவர் வெளியே போனபிறகும் வேலை கிட்டத்தட்ட அதே அளவில் நடந்துகொண்டிருந்தது. எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, உங்கள் லைனில் நடப்பதும் அதேதான்.

இதில் உங்களுக்கு வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பெரியவர்களை மாற்றினார்கள். ஒரு குழுவில் அதட்டியவரே இன்னொரு குழுவில் கலந்து பேசுபவராக நடந்துகொண்டார். அப்படியென்றால் அது ரத்தத்தில் ஊறி வருகிற குணமில்லை, நடந்துகொள்கிற விதம், பழகினால் வரும். உங்களுக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்கு அதுதான் பதில். (கடைசியில் பையன்களிடம் யாரைப் பிடித்தது என்று கேட்டபோது, இருபது பேரில் பத்தொன்பது பேர் கலந்து பேசியவரைச் சொன்னார்கள். அதட்டியவரைச் சொன்ன ஒருவன் ராணுவ அதிகாரியின் மகன்.)

சரி, திங்கட்கிழமை காலை என்ன செய்வது? ஒரே ஒரு முடிவை மட்டும் அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். எந்த லைனிலும் கட்டு தேங்குகிற ஓரிடம் இருக்கும், கழுத்து ரிப் ஏற்றுகிற இடமோ கை மூட்டுகிற இடமோ. அங்கே போய் நின்று, லைனிலேயே ரொம்ப நாள் தைத்த அக்காவிடம், ‘இங்கே ஏன் தேங்குதுக்கா, நீங்களா இருந்தா எப்படி மாத்துவீங்க?’ என்று கேளுங்கள். அவர் சொன்னதை அன்றைக்கே செய்யவேண்டும், அது முக்கியம். கேட்டுவிட்டுச் செய்யாமல் விடுவதற்குக் கேட்காமலே இருக்கலாம். மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுகிற சாக்பீஸை நீங்கள் வைத்துக்கொள்ளாமல் கைமடி வேலை பார்க்கிற பெண்ணிடம் கொடுங்கள். தப்பு வந்தால் அந்த மெஷின் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொல்லுங்கள், நடு லைனில் நின்று கத்த வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் பீஸ் கொஞ்சம் குறையலாம், அதை மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிரிக்கிற அக்காமார்களைப் பற்றி அதிகம் யோசிக்கவேண்டாம். நேற்றுவரை உங்களோடு டிபன் பாக்ஸ் பகிர்ந்தவர்கள் அவர்கள். ‘செக்கிங்கில் திரும்பி வந்தால் நான்தான் பதில் சொல்லணும்க்கா, என்னை விட்டுறாதீங்க’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சென்னை, சோழிங்கநல்லூர் வாசகர்: எங்கள் டீம் லீட் மிகவும் நல்லவர், யாரையும் திட்டமாட்டார். ஆனால் எதைக் கேட்டாலும் ‘நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க, உங்க மேல நம்பிக்கை இருக்கு’ என்பார். முடிவு செய்தால் பிறகு ‘ஏன் இப்படிச் செஞ்சீங்க’ என்கிறார். இது சுதந்திரமா, கைகழுவுவதா?

கைகழுவுவது. நல்ல மனிதர் என்பதால் உங்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

மேலே சொன்ன அயோவா சோதனையில் முதலில் இரண்டு வகைதான் திட்டம். கலந்து பேசுபவராக நடிக்கவேண்டிய ஒயிட், நடைமுறையில் பையன்களைத் தன்போக்கில் விட்டுவிட்டு ஓரமாக நின்றுவிட்டார். லெவின் அதைக் கவனித்து, இது வேறொரு வகை என்று தனியாகவே எடுத்துக்கொண்டார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், அங்கேதான் குழப்பம். ஆனால் தன்போக்கில் விடப்பட்ட குழுவில் வேலையும் குறைவு, வேலையின் தரமும் மோசம்.

பொறுப்பைக் கொடுப்பது எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்கக் கடற்படையில் ஒரு கதை உண்டு. 1999-இல் டேவிட் மார்க்கே என்பவர் சாண்டா ஃபே என்ற அணுசக்தி நீர்மூழ்கிக்குக் கேப்டனாக வந்தார். அவர் பயிற்சி எடுத்தது வேறொரு கப்பலுக்கு, கடைசி நேரத்தில் இங்கே மாற்றிவிட்டார்கள். ஒரு பயிற்சியின்போது ஏதோ ஒரு வேகத்தைச் சொல்லி உத்தரவு கொடுத்தார். அந்த வேகமே இந்தக் கப்பலின் துணை மோட்டாரில் கிடையாது! பக்கத்தில் நின்ற அதிகாரிக்கு அது தெரியும். தெரிந்தும் அப்படியே மறுபடி சொல்லிக் கீழே அனுப்பினார், ஏன் என்று கேட்டால் கேப்டன் சொன்னார் என்பதால். மார்க்கே அன்றைக்கு ஆடிப்போனார். அதற்குப் பிறகு உத்தரவு கொடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு, அதிகாரிகளே வந்து ‘நான் இதைச் செய்யப்போகிறேன்’ என்று காரணத்தோடு சொல்லவேண்டும், தான் ‘சரி’ என்பேன் என்று மாற்றினார். அவர் விலகிப் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் தன் வேலை முழுசாகத் தெரிந்திருக்கிறதா என்று விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் லீடிடம் இல்லாதது அந்தப் பாதிதான்.

அவரை உங்களால் மாற்றமுடியாது. ஆனால் அந்த வாக்கியத்தைக் கடன் வாங்கலாம். ‘என்ன செய்யட்டும்?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘இந்தக் காரணத்துக்காக இதைச் செய்யப்போகிறேன், வேறு யோசனை இருந்தால் வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்’ என்று மெயிலில் எழுதுங்கள். பிறகு ‘ஏன் செஞ்சீங்க’ என்ற கேள்வி வந்தாலும், பதில் அவருடைய இன்பாக்ஸில் இருக்கும்.

காரைக்குடி வாசகர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: கண்டிப்பு என்றாலே தப்பு என்பது போல இப்போது பேசுகிறார்கள். எங்கள் காலத்தில் தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்தால் மொத்தப் பள்ளியும் அடங்கும். அதனால்தான் நாங்கள் உருப்பட்டோம். எல்லாரையும் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்றால் ஆபத்து நேரத்தில் என்ன ஆகும்?

ஐயா, உங்கள் கேள்வியில் உள்ள கோபம் எனக்குப் புரிகிறது. கண்டிப்பான ஒருவரிடம் வேலை கற்றவன்தான் நானும். ஆபத்து நேரம் என்று கேட்டீர்கள், அங்கிருந்தே பேசுவோம்.

1977 மார்ச் 27. ஸ்பெயினைச் சேர்ந்த கேனரித் தீவுகளில் டெனெரிஃப் தீவின் சிறிய விமான நிலையம். பக்கத்துத் தீவின் நிலையத்தில் குண்டு வெடித்ததால் பெரிய விமானங்களையெல்லாம் இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். நல்ல மூடுபனி. கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஓடுதளத்தின் ஒரு முனையில் புறப்படத் தயாராக நிற்கிறது. பான் ஆம் நிறுவனத்தின் ஜம்போ அதே ஓடுதளத்தில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது, ஒன்றை ஒன்று பார்க்கமுடியாது. கேஎல்எம் கேப்டன் சாதாரண ஆளில்லை, நிறுவனத்தின் மூத்த பயிற்சி விமானி, அவர் படத்தைத்தான் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு இரண்டு மாதத்துக்கு முன் ஜம்போ ஓட்டத் தகுதி கொடுத்தவரும் அவரே. பணி நேர விதிகளால் அவருக்கு அவசரம் வேறு. புறப்பட அனுமதி வராமலே ஓட ஆரம்பித்துவிட்டார்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினீயருக்கு ரேடியோவில் கேட்டதை வைத்துச் சந்தேகம். அந்த பான் ஆம் விமானம் இன்னும் ஓடுதளத்தை விட்டுப் போகவில்லையோ என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாகப் போய்விட்டது என்ற பொருளில் பதில் சொன்னார். அதற்குமேல் யாரும் எதுவும் பேசவில்லை. சில விநாடிகளில் மோதல். 583 பேர் இறந்தார்கள், விமானப் போக்குவரத்து வரலாற்றில் இன்றுவரை அதைவிடப் பெரிய விபத்து இல்லை.

ஐயா, அந்த இன்ஜினீயர் கேட்டார், கேட்காமல் இல்லை. ஆனால் இரண்டாம் முறை கேட்க வாய் வரவில்லை. வராந்தாவில் நடந்தால் பள்ளியே அடங்குகிற பெருமை எனக்கும் புரியும், ஆனால் அந்த அமைதிக்குள் ஒரு பையன் ‘சார், பின்னால் சுவர் விரிசல் விட்டிருக்கு’ என்று சொல்லத் தயங்கி நின்றிருந்தால் யாருக்குத் தெரியும்?

இப்படிப்பட்ட விபத்துகள் சில நடந்தபிறகுதான் விமானத் துறை முழித்துக்கொண்டது. 1980-களின் தொடக்கத்திலிருந்து, மற்றவர் பேச்சுக்குக் கேப்டன் காது கொடுக்கவும், இளையவர்கள் தயங்காமல் அழுத்திச் சொல்லவும் தனிப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் அதைச் செய்த நிறுவனங்களில் யுனைடெட் ஒன்று. அதன் பலன் 1989 ஜூலை 19-இல் தெரிந்தது. டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் விமானத்தில் வால் இன்ஜின் வெடித்துச் சிதறி, விமானத்தைத் திருப்ப உதவுகிற ஹைட்ராலிக் அமைப்பு மூன்றும் ஒரேயடியாகப் போய்விட்டன. அப்படி ஒரு நிலைமைக்கு எந்தக் கையேட்டிலும் வழி எழுதியிருக்கவில்லை. கேப்டன் ஆல் ஹேன்ஸ் முப்பது வருடத்துக்கு மேல் அந்த நிறுவனத்தில் பறந்தவர். பயணியாக வந்திருந்த டென்னிஸ் ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி உதவிக்கு வரட்டுமா என்று கேட்டனுப்பினார், வரச்சொன்னார் ஹேன்ஸ். மிஞ்சியிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே திசை திருப்பவேண்டும், அந்த த்ராட்டில்களை ஃபிட்ச் கையில் கொடுத்தார். விமானி அறையில் இருந்த நான்கு பேரும் பேசிப் பேசி, அயோவா மாநிலத்தின் சூ சிட்டி ஓடுதளம்வரை கொண்டுவந்துவிட்டார்கள். இறங்கும்போது விமானம் உடைந்து தீப்பிடித்தது, உள்ளே இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். ஒரு கேப்டன் தனியாளாக முடிவெடுக்கிற பழைய முறையாக இருந்திருந்தால் அவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது என்று ஹேன்ஸ் பிறகு ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்.

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா? வேண்டும், எதில் என்பதுதான் விஷயம். உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, பாம்பன். 1964 டிசம்பர் புயலில் பாலம் சிதைந்தபோது சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது, மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு ஏற்ற 32 வயது ரயில்வே இன்ஜினீயர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் கொடுத்தார். பின்னாளில் டெல்லி மெட்ரோவில், இன்னும் இத்தனை நாள்தான் மிச்சம் என்று காட்டுகிற பின்னோக்கி ஓடும் கடிகாரங்களை வேலை நடக்கிற இடங்களில் மாட்டி வைத்தவரும் அவர். தேதியில் அப்படிக் கறார். அதே மனிதர், 2009 ஜூலையில் டெல்லியில் மெட்ரோ பாலம் இடிந்து தொழிலாளர்கள் இறந்தபோது, கீழே ஒருவர்மேல் பழி போடாமல் தானே பொறுப்பேற்று ராஜினாமா கொடுத்தார். அரசு அதை ஏற்கவில்லை. தேதியிலும் தரத்திலும் கறாராக இருந்துகொண்டு, பழி வரும்போது முன்னால் வந்து நிற்கிற கண்டிப்புக்கு நானும் தலைவணங்குகிறேன் ஐயா. ‘எதிர்த்துப் பேசாதே’ என்கிற கண்டிப்புக்கு என்னால் முடியாது.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்தத் தலைமையாசிரியர் லீவு போட்ட நாளில் பள்ளி எப்படி இருந்தது? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

திருச்சி வாசகி, எம்பிஏ மாணவி: டிரான்ஸாக்‌ஷனல், டிரான்ஸ்ஃபர்மேஷனல் இரண்டும் தேர்வில் கட்டாயம் வரும் என்கிறார்கள். மனப்பாடம் செய்தாலும் மனதில் நிற்கவில்லை.

மதுரையை நினைத்துக்கொள்ளுங்கள், நின்றுவிடும். அரசு மருத்துவராக ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல், 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளவயதிலேயே முடக்குவாதத்தில் அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன, அந்த விரல்களோடுதான் ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவை செய்தார். தடுக்கக்கூடிய பார்வையிழப்பே இருக்கக்கூடாது என்ற ஒரு குறிக்கோளைத் தன் குடும்பம், டாக்டர்கள், கிராமத்திலிருந்து வந்து பயிற்சி எடுத்த பெண்கள் எல்லாருடைய குறிக்கோளாகவும் ஆக்கினார். பள்ளிப்படிப்பு முடித்த பெண்கள்தான் அங்கே நோயாளியைத் தயார் செய்வது முதல் அறுவை அரங்கில் துணை நிற்பதுவரை பார்க்கிறார்கள். இப்படி ஆட்களின் நோக்கத்தையும் திறமையையும் வளர்ப்பது இரண்டாவது வகை. இன்ன வேலைக்கு இன்ன கூலி, இலக்கைத் தொட்டால் போனஸ், தொடாவிட்டால் மெமோ என்று கணக்காக நடத்துவது முதல் வகை. இந்த வேறுபாட்டை 1978-இல் அரசியல் தலைவர்களை வைத்து எழுதியவர் ஜேம்ஸ் மெக்கிரெகர் பர்ன்ஸ், 1985-இல் நிறுவனங்களுக்கு விரித்தவர் பெர்னார்ட் பாஸ்.

முதல் வகை மட்டம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அரவிந்தில் ஓர் அறுவைக்கும் அடுத்த அறுவைக்கும் நடுவே நேரம் வீணாகாதபடி அடுத்த நோயாளி பக்கத்து மேஜையில் தயாராக இருப்பார், அது முழுக்கக் கணக்கான ஏற்பாடு. மாதச் சம்பளம் நாள் தவறினால் எந்த உயர்ந்த குறிக்கோளும் நாலு மாதம் தாங்காது.

கோவை, பீளமேடு வாசகர்: நாற்பது பேர் வேலை செய்கிற லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆட்களை என் பிள்ளைகள் போலத்தான் பார்க்கிறேன். தீபாவளி போனஸ் தவறியதில்லை, கல்யாணம், காதுகுத்து என்றால் கடன் கொடுக்கிறேன். ஆனாலும் தப்பு நடந்தால் கஸ்டமர் போன் செய்துதான் எனக்குத் தெரிகிறது. ஏன் என்னிடம் மறைக்கிறார்கள்?

அண்ணா, உங்களைப் போன்ற முதலாளிகளிடம்தான் நான் வளர்ந்தேன், நன்றி மறக்கவில்லை. ஆனால் பிள்ளைகள்தானே அப்பாவிடம் அதிகம் மறைப்பார்கள்? கடன் கொடுத்து, கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்த முதலாளியின் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் ஒருவன் மறைக்கிறான் என்றால் அதற்கு நீங்கள் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை.

நான் வேலை பார்த்த ஒரு பவுண்டரியில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக வந்த ஒர்க்ஸ் மேனேஜர் தினமும் காலை எட்டரைக்கு ரிஜெக்‌ஷன் ஆன காஸ்டிங்குகளை (வார்த்தெடுத்த உருப்படிகளை) ஒரு மேஜைமேல் அடுக்கச் சொல்வார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ‘இது யார் போட்டது?’ என்று கேட்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார், கத்தக்கூட மாட்டார். அதற்கு மணல் அச்சு எடுத்த மோல்டர் கையைத் தூக்கவேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் மேஜைமேல் காஸ்டிங் குறைந்தது, இரண்டாவது மாதம் மூன்று நான்குதான் இருந்தன. மேனேஜருக்குப் பாராட்டு. மழைக்காலம் வந்தது. காம்பவுண்டுக்குப் பின்னால் கழிவு மணலைக் கொட்டி வைத்திருந்த மேடு ஒரு ராத்திரி மழையில் கரைந்தது. காலையில் போய்ப் பார்த்தால், புளோ ஹோல் என்கிற காற்று ஓட்டை விழுந்த இம்பெல்லர்கள் (பம்புக்குள் சுழலும் சக்கரங்கள்) மண்ணிலிருந்து பல் மாதிரி வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. புதைத்தவர்களில் நானும் ஒருவன். அந்த மேஜைக்கு முன்னால் கையைத் தூக்குவதைவிட இரவு ஷிப்டில் மண்வெட்டி எடுப்பது சுலபமாக இருந்தது. மணலில் ஈரம் அதிகமா, காற்றுப் போக வழி குறைவா என்று அந்த இரண்டு மாதமும் யாரும் பார்க்கவே இல்லை. பார்க்கக் காஸ்டிங் இருந்தால்தானே?

ஆமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, நன்றாக நடத்தப்படுகிற வார்டுகளில்தான் பதிவான தவறு அதிகம் என்று கணக்கு வந்தது. குழம்பிப்போய் மேலும் தேடியபோதுதான் காரணம் தெரிந்தது: அங்கே நர்ஸ்கள் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். உங்கள் பட்டறையில் தப்பே வராத மாதம் ஒன்று வந்தால், ஒரு தடவை பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

ஆட்கள் சரியில்லை என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலை 1982-இல் மூடப்பட்டது, அங்குள்ள தொழிலாளர்களுக்கு மிக மோசமான பெயர். 1984-இல் டொயோட்டாவும் சேர்ந்து அதே இடத்தில் மறுபடி ஆரம்பித்தபோது பெரும்பாலும் அதே ஆட்களைத்தான் எடுத்தார்கள். கோளாறு தெரிந்தால் எந்தத் தொழிலாளியும் தலைக்குமேல் தொங்குகிற கயிற்றை இழுக்கலாம், குழுத் தலைவர் ஓடிவருவார், சரியாகாவிட்டால் லைனே நிற்கும். முன்பு லைனை நிறுத்தினால் வேலை போய்விடும் என்று பயந்த அதே கைகள்தான். சீக்கிரமே ஜப்பானுக்கு ஈடான தரத்தில் கார் வர ஆரம்பித்தது.

கயிறு கட்டுவது சுலபம் அண்ணா, இழுத்தவனுக்கு அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது என்பதுதான் எல்லாம். 1979 ஆகஸ்ட் 10-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்எல்வி-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஏவுவதற்குமுன் கணினி நிறுத்தச் சொல்லியும், நிபுணர்களைக் கேட்டுக்கொண்டு, அதை மீறிப் போகலாம் என்று முடிவெடுத்தவர் தானே என்று அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் அன்றைக்குப் பத்திரிகையாளர் கூட்டத்தில் கலாமை உட்கார வைத்துவிட்டு, தோல்விக்குத் தானே பொறுப்பு என்றும் அடுத்த முறை ஜெயிப்போம் என்றும் சொன்னார். அடுத்த ஜூலை 18-இல் ராக்கெட் சரியாகப் போய் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. அன்றைக்குத் தவன் பின்னால் இருந்துகொண்டு, கூட்டத்தை நீ நடத்து என்று கலாமை அனுப்பினார்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. அடுத்த தடவை கஸ்டமரிடமிருந்து போன் வரும்போது பட்டறைக்குள் போய், ‘யார் ஓட்டின பீஸ் இது?’ என்று கேட்காதீர்கள். பீஸைக் கையில் வைத்துக்கொண்டு ‘எந்த இடத்தில இது நம்ம கண்ணுக்குத் தப்பிச்சுது?’ என்று கேளுங்கள். அளவு பார்க்கிற வெர்னியர் தேய்ந்திருக்கலாம், டிராயிங் பழசாக இருக்கலாம், ஓவர்டைம் அதிகமாகி ஆள் அசந்திருக்கலாம். முதல் தடவை யாரும் வாய் திறக்கமாட்டார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். என்றாவது ஒருநாள் யாராவது ஒருவன் தானாக வந்து, ‘அண்ணா, நேத்து பத்து ஷாஃப்ட் அளவு தாண்டிருச்சு, எடுத்து வெச்சிருக்கேன்’ என்பான். நாற்பது பேரும் மெஷினை ஓட்டிக்கொண்டே உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு டீ சொல்லி, அந்தப் பத்து ஷாஃப்டையும் நடுவில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.